முப்பத்தெட்டு டிகிரி ஆசாமி

அத்தியாயம் 6

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்வாசலில், என் தங்கை ஸ்வீட்டியின் கால் கட்டைவிரலை ஒரு கோழி கொத்தியது.

"ரத்தம் வருதா பாரு யக்கா. ஊசி போடணுமோ?"

"கோழி கொத்துனதுக்கெல்லாம் ஊசி கிடையாது. செருப்பைப் போடு."

"தடுப்பூசிக் கேசுக்கு வந்த இடத்துல எனக்கு ஒரு ஊசி கிடையாதா? நல்லாருக்கு நியாயம்."

ஸ்வீட்டி சொன்னவற்றைச் சொன்னபடியே எழுதுகிறேன். கூட்டியும் குறைத்தும் எழுதினால் மறுத்துச் சண்டை போட இப்போது அவள் இல்லை. அதனால் கவனம் அதிகம் தேவைப்படுகிறது.

அந்த வீட்டுக்காரி செலின் டீ டம்ளர்களை வைத்துவிட்டு ஓடிப்போய், கோழியையும் அதன் குஞ்சுகளையும் பஞ்சாரக் கூடைக்குள் அடைத்தாள். "மன்னிச்சுருங்கக்கா. நேத்து ராத்திரிதான் குஞ்சு பொரிச்சுது. யாரையும் கிட்ட விட மாட்டேங்கு." அவள் கண்கள் வீங்கியிருந்தன. அதற்குக் காரணம் கோழி இல்லை.

காரணம் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அவள் கணவன் ஆரோன், சைனிக்புரியைத் தாண்டியுள்ள ஒரு சிறிய தடுப்பூசிக் கம்பெனியில் எட்டு வருடமாகக் குளிர்பதன அறைப் பொறுப்பாளன். அன்று காலை எட்டே முக்காலுக்கு அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். செலின் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு எங்களுக்குப் போன் செய்தாள். நான் ரயில்வே ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஸ்வீட்டி பள்ளியில் கணக்கு நடத்தியவள். எங்கள் சபையில் காணாமல் போன ஆர்மோனியத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த நாள்முதல், செகந்திராபாத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் போலீசுக்கு முன்னால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

"நாலு மணிக்கு லாரி வருதாம்க்கா," என்றாள் செலின். "எல்லாத்தையும் கொண்டுபோய் எரிச்சுருவாங்களாம். இவரை வேலையை விட்டும் எடுத்துருவாங்களாம்."

எரிக்கப்போவது எட்டாயிரம் குப்பி டைபாய்டு தடுப்பூசி. குப்பிக்கு ஐந்து பிள்ளைகள். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குப் போக வேண்டியது. பெரிய கம்பெனிகள் விலை சொன்னதும் அந்த நாட்டுக்காரர்களுக்குத் தலை சுற்றியிருக்கிறது. ஐம்பத்திரண்டு பேர் மட்டும் வேலை பார்க்கும் இந்தக் கம்பெனியைத் தேடிப் பிடித்து, முதல் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அங்கே மழைக்காலம் நெருங்கிவிட்டது. இதை எரித்தால் அடுத்தது தயாராக நாலு மாதம்; அதற்குள் மழையும் வந்துவிடும், காய்ச்சலும் வந்துவிடும்.

குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தது லாகர் என்ற கருவி. கட்டைவிரல் நீளம், பளபளக்கும் எஃகு உறை. மருந்தோடு கூடவே பயணம் செய்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டைக் குறித்துக்கொள்ளும். மருந்து இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையே மருந்தையும் லாகரையும் குளிர்பதன அறைக்குள் வைத்ததாக ஆரோன் கையெழுத்துப் போட்டிருந்தான். திங்கள் காலை எட்டு மணிக்குத் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் வைத்தியநாதன் லாகரை எடுத்துக் கணினியில் செருகினார். அது காட்டியது முப்பத்தெட்டு டிகிரி.

"இதுதான் லாகரா?" ஸ்வீட்டி செலினின் சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினாள். அதில் அதேபோல் ஒரு எஃகுத் துண்டு தொங்கியது.

"அது செத்ததுக்கா. ஒரு பயணம் போய் வந்தா அதோட ஆயுசு முடிஞ்சுது. தூரப் போடுறதை இவர் வீட்டுக்குக் கொண்டாந்துருவார். சாவிக்கு ஒண்ணு, பிள்ளை விளையாட ரெண்டு."

செலின் கொடுத்த வரைபடத் தாளை ஸ்வீட்டி மடியில் விரித்தாள். கணக்கு டீச்சர் வரைபடத்தைப் பார்ப்பது ஜோசியர் ஜாதகத்தைப் பார்ப்பது மாதிரி.

"வெள்ளி சாயங்காலம் அஞ்சரைக்கு இருபத்தேழு டிகிரி. பொறவு முப்பத்துமூணு. ராத்திரி எட்டு மணிக்கு மேல ஏறி முப்பத்தெட்டுல உக்காந்துட்டு. அப்புறம் ஒரே நேர்கோடு. சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு இருபது நிமிஷம் ஒரு பள்ளம். சாயங்காலம் நாலரைக்கு இன்னொரு பள்ளம். ஞாயித்துக்கிழமை பள்ளமே கிடையாது. இன்னைக்கு விடியக்காலம் முப்பதுக்கு இறங்கி, ஏழே காலுக்குத்தான் அஞ்சு டிகிரியைப் பார்த்திருக்கு."

"வைத்தியநாதன் சார் என்ன சொல்லுதார்?" என்று கேட்டேன்.

செலின் சொன்னாள்: "மருந்தை இவர் வெள்ளிக்கிழமை உள்ளேயே வைக்கலையாம். பாய்லர் பக்கத்துல விட்டுட்டு வந்து, இன்னைக்குக் காலைல அவசரமா உள்ள தள்ளிட்டாராம்."

"பாய்லர் சனிக்கிழமை ரெண்டு தடவை டீ குடிக்கப் போகுமாக்கும்?"

"சனி, ஞாயிறு பாய்லர் ஓடாது," என்றது உள்ளிருந்து ஆரோனின் குரல். சுவரைப் பார்த்தபடியே சொன்னான். அரை மணி நேரத்தில் அவன் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

ஜூன் மழையில் ஊரே நனைந்து கிடந்தது. பாய்லரும் இல்லையென்றால் முப்பத்தெட்டு டிகிரி எங்கிருந்து வரும்? அந்த எண்ணை நான் ஆயிரக்கணக்கான தடவை எழுதியிருக்கிறேன், கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டைகளில்.

"ஸ்வீட்டி, முப்பத்தெட்டுன்னா காய்ச்சல்."

அவள் தாளைத் தொடையில் அடித்தாள். "அப்படிச் சொல்லு! லாகர் ஒரு ஆளோட சட்டைக்குள்ள இருந்திருக்கு. மூணு நாள் காய்ச்சல்காரன். சனிக்கிழமை ரெண்டு வேளை குளிச்சிருக்கான், அதுக்குத்தான் சட்டையைக் கழட்டியிருக்கான். ஞாயித்துக்கிழமை ஒரு வேலையும் பார்க்கல. அப்ப நம்ம சபைக்காரன்தான்."

"கம்பெனியில யாருக்காவது காய்ச்சலா, ஆரோன்?"

சுவரிடமே பதில் சொன்னான். "பேக்கிங்ல கிரி. வெள்ளிக்கிழமையிலேர்ந்து முடியாம கிடக்கான். போனும் எடுக்கல. அவன்ட்ட போகாண்டாம்க்கா, பாவம்."

வேலை போகப்போகிறவன் அடுத்தவன் தூக்கத்துக்காகக் கவலைப்படுவது எனக்குப் பிடித்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்ததால் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

*

ஹப்சிகுடாவில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே கிரியின் வீடு. ஸ்வீட்டிதான் ஸ்கூட்டர் ஓட்டினாள். மெட்ரோ தூண்களுக்கு நடுவே அவள் புகுந்து போன விதத்தில், தார்நாகா தாண்டுவதற்குள் எனக்கே சூடு ஏறியிருந்தது.

கிரி இரண்டு போர்வைக்குள் இருந்தான். மூக்கு மட்டும் வெளியே. என் தெர்மாமீட்டரை எடுத்து வைத்தேன். நூற்றொன்று. ஸ்வீட்டி தலைக்குள் கணக்குப் போட்டாள்.

"முப்பத்தெட்டு புள்ளி மூணு! யக்கா, ஆசாமி சிக்கிட்டான்!" பிறகு தெலுங்கில் அவனிடம் குனிந்தாள். "கிரி, உண்மையைச் சொல்லு. லாகரைச் சட்டைக்குள்ள வச்சிருந்தியா?"

கிரி சிரிக்க முயன்று இருமினான். மூன்று நாளாக அவன் சட்டையே போடவில்லை என்று அவன் மனைவி சாஹித்யா சொன்னாள். சொல்லிவிட்டு, சுவரிலிருந்த காலண்டரைக் காட்டினாள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் பார்த்து எழுதி வைத்திருந்தாள்: நூற்றிரண்டு, தொண்ணூற்றொன்பது, நூற்றொன்று, தொண்ணூற்றெட்டரை. மாத்திரை போட்டால் இறங்கும், போட்ட மாத்திரை தீர்ந்தால் ஏறும். எங்கள் தாளிலோ கோடு பாய் விரித்த மாதிரி நேராகக் கிடந்தது.

ஸ்வீட்டியின் முகம் தொங்கிவிட்டது. "கோடு பொருந்தல. நல்ல குற்றவாளி, வீணாப் போச்சு."

"போனை ஏன் எடுக்கல?" என்று கேட்டேன்.

சாஹித்யா அரிசி டப்பாவைத் திறந்தாள். உள்ளே கிரியின் போன் புதைந்திருந்தது. வெள்ளிக்கிழமை மழையில் நனைந்ததாம். மூன்று நாளாக அரிசிக்குள் ஓய்வெடுக்கிறது.

மீதியைக் கிரி தெலுங்கில் சொன்னான். நான் தமிழில் தருகிறேன். "மருந்தை நானேதான் தள்ளினேன் ஆன்ட்டி. அஞ்சே முக்காலுக்கு எல்லாப் பெட்டியும் குளிர் அறைக்குள்ள போயிடுச்சு. கதவை நான்தான் மூடினேன். அந்தக் குளிர்லதான் எனக்கு நடுக்கம் வந்தது."

"லாகர்?"

"ஆரோன் அண்ணா சட்டைப்பையில இருந்தது. இடி விழுந்து கரண்ட் போச்சு. ஜெனரேட்டரைப் பார்க்க ஓடினார். 'நீ வீட்டுக்குப் போ, நான் அப்புறம் வந்து போட்டுக்கறேன்'ன்னார்."

நானும் ஸ்வீட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களை வேலைக்கு வைத்தது ஆரோன் வீடு. வெள்ளிக்கிழமையே லாகரை உள்ளே வைத்ததாகக் கையெழுத்துப் போட்டவன் ஆரோன். கிரியைப் பார்க்கப் போகவேண்டாம் என்றதும் ஆரோன்தான்.

மாடிப்படியில் இறங்கும்போது ஸ்வீட்டி முணுமுணுத்தாள். "சரி, ஆரோன் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டான்னே வை. வீடு முப்பது டிகிரிதானே இருக்கும்? முப்பத்தெட்டுக்கு எங்க போவான்? இந்தக் கிரிப் பயலாவது பொருத்தமா இருந்தான். அடைக்கோழி மாதிரி சுருண்டு கிடக்கான். கஞ்சி வச்சா எந்திரிச்சு இருபது நிமிஷம் கொத்திட்டு, மறுபடியும் போர்வைக்குள்ள."

நான் நாலாவது படியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவள் என்மேல் இடித்தாள்.

"என்ன சொன்னே?"

"நான் காலைலேர்ந்து எவ்வளவோ சொல்லுதேன். நீ எதைக் கேட்டே?"

"வண்டியை எடு. மெட்டுகுடாவுக்குப் போ."

"சரி, இப்பவாவது எனக்கு ஊசி போடுவியா?"

*

நான் ஆரோனைப் பார்க்கவில்லை. நேராகப் பின்வாசலுக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், மழை படாத மூலையில், ஆப்பிள் வந்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே மணல், வைக்கோல், உடைந்த முட்டை ஓடுகள். கிளறினேன். ஒரு துண்டு அடுப்புக்கரி கிடைத்தது. இரண்டு மிளகாய் வத்தல் கிடைத்தது.

"செலின், கரி இருக்கு. வத்தல் இருக்கு. இரும்பு எங்கட்டி?"

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பிறந்தவர்களுக்கு இது புரியும். கோழியை அடை வைக்கும்போது முட்டைகளோடு கரி, வத்தல், ஒரு இரும்புத் துண்டு மூன்றையும் வைப்பார்கள். இரும்பு இல்லாவிட்டால் இடிச்சத்தத்தில் முட்டை கூமுட்டையாகிவிடும் என்பது நம்பிக்கை. செலினுடைய தாத்தா வேலைக்காக ரயிலேறி இங்கே வந்தபோது பைபிளோடு இதையும் கொண்டுவந்திருக்கிறார்.

"எங்க அம்மா தந்த ஆணி ஒண்ணு வச்சிருப்பேன்க்கா," என்றாள் செலின். "வெள்ளிக்கிழமை அப்படி இடி இடிக்கு, ஆணியைக் காணல. பிள்ளை எடுத்து எங்கயோ போட்டுட்டான். முட்டையோ இன்னைக்கு நாளைக்குன்னு பொரிக்கிற நேரம். இவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில செத்த லாகர் ஒண்ணு கிடந்துச்சு, அதை வச்சு…"

அவள் நிறுத்திக்கொண்டாள். பஞ்சாரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"செத்த லாகர் இல்லட்டி," என்றேன். "உயிரோட இருந்தது. கோழிக்கு அடியில என்ன சூடு இருக்கும்னு நினைக்கே? முப்பத்தெட்டு. அடைக்கோழி காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை இரை எடுக்க இறங்கும். குஞ்சு பொரிக்கிற அன்னைக்கு மட்டும் இறங்கவே இறங்காது."

"ஞாயித்துக்கிழமை," என்றாள் ஸ்வீட்டி மெதுவாக. பஞ்சாரத்துக்குள்ளிருந்து கோழி அவளை முறைத்தது. "அப்ப முப்பத்தெட்டு டிகிரி ஆசாமி காலைலயே என்னைக் கொத்திட்டானா! அடையாள அணிவகுப்புக்கு முன்னாடியே!"

கதவருகே ஆரோன் நின்றிருந்தான். எப்போது வந்தானோ தெரியாது.

"இன்னைக்குக் காலைல என் பர்ஸ் பக்கத்துல அது கிடந்துச்சுக்கா," என்றான்.

"குஞ்சோட கோழி இறங்கின பொறவு நான்தான் துடைச்சு வச்சேன்," என்றாள் செலின், சுவரோடு சாய்ந்தபடி.

"எனக்கு உசுரே நின்னுபோச்சு. வெள்ளிக்கிழமை ஜெனரேட்டர்ட்ட ஓடுனதுல, லாகரை வச்சுட்டேன்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னைக்கு ஏழு மணிக்கு ஓடிப்போய் வச்சேன். வீட்டுல கிடந்தது முப்பது காட்டும்னு பார்த்தா, முப்பத்தெட்டுன்னாங்க. எனக்கே ஒண்ணும் புரியல. கருவி பழுதுன்னு நீங்க சொல்லிட்டா தப்பிச்சுருவேன்னு நினைச்சேன்."

"அப்ப மருந்து?"

"மருந்து ஒரு நிமிஷம்கூட வெளிய வரல. அஞ்சு டிகிரியிலதான் இருக்கு. சத்தியமா."

"இதை வைத்தியநாதன் சார்ட்ட சொன்னியா?"

"சொன்னா பொய்க் கையெழுத்துன்னு வேலையை விட்டு எடுத்துருவாங்க."

"சொல்லாட்டாலும் எடுக்கத்தான் போறாங்க," என்றாள் ஸ்வீட்டி. "அதுல உனக்கு ஒரு நஷ்டமும் இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எட்டு வருடம் ஒரு தவறும் இல்லாதவன். செய்யாத குற்றத்துக்கு வேலை போவதைச் சபையில் தலைநிமிர்ந்து சொல்லலாம். செய்த தவறை ஒத்துக்கொண்டு வேலை போவதை யாரிடம் சொல்வது? அவன் முகத்தில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

செலின் உள்ளே போனாள். ஹெல்மெட்டோடு வந்தாள். அதை அவன் கையில் திணித்தாள்.

"நாப்பதாயிரம் பிள்ளைவளுக்குப் போறது. போங்க. நம்ம வீட்டுக் கோழியால எரிஞ்சுதுன்னா நான் இந்தக் கோழி முகத்துல எப்படி முழிப்பேன்?"

*

மூன்றே காலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, லாரி முன்கூட்டியே வந்து வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. வைத்தியநாதனின் அறையில் எரிப்பு உத்தரவு மேசைமேல் கிடந்தது. அவர் நெற்றியில் விபூதியும் மூக்கில் கண்ணாடியுமாக ஒல்லியான மனிதர். யோசிக்கும்போது கையில் கிடைத்ததை உதட்டில் தட்டிக்கொண்டே இருப்பார். அப்போது கையில் கிடைத்தது லாகர்.

ஆரோன் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் விடவில்லை. வைத்தியநாதன் லாகரால் உதட்டைத் தட்டியபடியே கேட்டார். 'கோழி' என்ற சொல் வந்ததும் தட்டுவது நின்றது.

"எது? இதுவா?"

"அதேதான் சார்," என்றாள் ஸ்வீட்டி. "மூணு நாள் கோழிக்கு அடியில. துடைச்சுத்தான் வச்சிருக்கா."

அவர் எழுந்துபோய்க் கை, வாய், முகம் எல்லாம் கழுவிவிட்டு ஈரத்தோடு வந்தார். விபூதி போயிருந்தது.

"கதை நன்னாத்தான் இருக்கு. ஆனா மருந்து வெள்ளிக்கிழமையே உள்ளே போச்சுங்கறதுக்கு யார் சாட்சி? ஆரோனோட கையெழுத்தை நான் எப்படி நம்பறது? அவனே இப்போ பொய்ங்கறான்."

ஸ்வீட்டி சாஹித்யாவின் எண்ணுக்குப் போன் போட்டு அவரிடம் நீட்டினாள். கிரி பேசினான். மருந்துப் பெட்டிகளைத் தானே தள்ளியதையும், கதவைத் தானே மூடியதையும் சொன்னான். வைத்தியநாதன் குளிர் அறைச் சுவரிலிருக்கும் கருவியின் தாளை வரவழைத்தார். மருந்து உள்ளே இல்லை என்று நினைத்ததால் காலையில் அதை அவர் பார்க்கவே இல்லை. வெள்ளி முதல் திங்கள் வரை ஐந்து டிகிரி. கரண்ட் போன பத்து நிமிடத்தில் ஆறு. ஆரோன் ஜெனரேட்டருக்கு ஓடிய ஓட்டம் அதில் தெரிந்தது.

அவர் ஜன்னலைத் திறந்து, லாரிக்காரனைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். ஆரோன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திரு. பொய்க் கையெழுத்துக்குத் தண்டனை உண்டு. ஆறு மாசம் லேபிள் ஒட்டற இடத்துல நில்லு. குளிர் அறைச் சாவி என்கிட்ட இருக்கும். இன்னிக்கு நீயா வந்து சொன்னதால வேலை இருக்கு." பிறகு ஒரு படிவத்தை இழுத்து, 'காரணம்' என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்தார். பேனா நகரவில்லை. "இதை நான் எப்படி எழுதறது? அந்த தேசத்துக்காரா இதை வரி வரியாப் படிப்பா."

"உள்ளதை எழுதுங்க," என்றேன்.

நெடுநேரம் யோசித்தார். இந்தத் தடவை உதட்டில் எதையும் தட்டவில்லை. பிறகு எழுதினார்: 'கருவி மருந்தோடு வைக்கப்படவில்லை. தவறுதலாக ஊழியரின் வீட்டில், உயிருள்ள ஒரு வெப்ப மூலத்தின் கீழ் இருந்தது.'

"உயிருள்ள வெப்ப மூலம்!" ஸ்வீட்டி என் காதில் கிசுகிசுத்தாள். "யக்கா, என்னைக் கொத்துனது இதுன்னு தெரிஞ்சிருந்தா நான் அப்பவே கும்பிட்டிருப்பேன்."

அந்த வாரமே மருந்து விமானம் ஏறியது. எங்கள் கட்டணமாக ஸ்வீட்டி ஒரு குஞ்சு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, அந்த நாட்டின் மருந்துக் கிடங்கு அதிகாரியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. வைத்தியநாதன் எங்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். எட்டாயிரம் குப்பிகளும் நல்ல நிலையில் வந்து சேர்ந்தன. மலைப்பக்கத்துப் பள்ளிகளில் ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள். அறிக்கையை ஏற்றுக்கொள்கிறார்கள். கூட அனுப்பிய வரைபடத்தைப் பார்த்ததில் அவர்களுக்கு ஒரே ஒரு சந்தேகம்: வெப்ப மூலத்துக்கு எத்தனை குஞ்சுகள்?

"இதுக்கு என்ன பதில் எழுதறது?" என்று கேட்டார் வைத்தியநாதன், உண்மையிலேயே கவலையோடு.

ஸ்வீட்டி தயாராக இருந்தாள். "எழுதுங்க சார். ஒன்பது. ஒன்பதும் நல்லாருக்கு. அதுல ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு, பேரு லாகர், ராத்திரி என் படுக்கையிலதான் தூங்குது, சூடு சரியா முப்பத்தெட்டு."

வைத்தியநாதன் 'ஒன்பது' என்பதை மட்டும் அனுப்பினார். மீதியை நான் இங்கே எழுதி வைக்கிறேன்.